கார்டு மோசடிச் சட்டம்: கடைக்காரர் நிற்பது எந்தப் பக்கம்?

செக் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை நம் வணிகர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வங்கி மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு 1989 ஏப்ரல் முதல் அமலில் இருப்பதால், காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரி முதல் கே.கே. நகர் மளிகைக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அது மனப்பாடம்.

ஆனால் கார்டு தேய்த்து வாங்கிய சரக்குக்கு நம் கணக்கில் வந்து விழுந்த பணத்தை, ஒன்றிரண்டு மாதம் கழித்து, "உண்மையான கார்டுதாரர் இந்தக் கொள்முதலை மறுக்கிறார்" என்று வங்கியே திருப்பி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? இதற்கு 138 இல்லை. நோட்டீஸ் அனுப்புவதற்கு எதிராளியின் விலாசமே நம்மிடம் இருக்காது. சரக்கும் போய், பணமும் போய், சில சமயம் காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கும் அழைப்பு வருகிறது.

கார்டு மோசடி என்பது கார்டு வைத்திருப்பவருக்கும் வங்கிக்கும் இடையிலான தகராறு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கடைக்காரரை அது பாதிக்கப்பட்டவராகவும் பார்க்கலாம், சாட்சியாகவும் பார்க்கலாம், குற்றவாளியாகவும் பார்க்கலாம். இந்த மூன்றில் எந்த இடத்தில் நாம் நிறுத்தப்படுவோம் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள். அந்த நேரத்தில் நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பது ஒன்று. அதைக் காட்ட நம் கையில் என்ன தாள் இருக்கிறது என்பது மற்றொன்று.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் உண்டா?

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் உறுப்பினர்கள் சிலர் கேட்பதுண்டு: "அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் கிரெடிட் கார்டு மோசடிக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறதாமே, நம் தமிழ்நாட்டில் என்ன சட்டம்?" அங்கே அப்படித்தான். மோசடித் தொகை இவ்வளவுக்கு மேல் போனால் பெரிய குற்றம், கீழே இருந்தால் சிறிய குற்றம் என்று மாநிலத்துக்கு மாநிலம் கோடு மாறும். நம் நாட்டில் இதற்கான குற்றச் சட்டம் மத்திய சட்டம். காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒன்றே. விசாரிக்கும் போலீஸ்தான் மாநிலத்துடையது.

அந்த மத்திய சட்டங்கள் இரண்டு. முதலாவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 66-சி பிரிவு, பிறருடைய கடவுச்சொல் போன்ற தனித்த அடையாளத்தை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவதைத் தண்டிக்கிறது. அடுத்தவர் கார்டின் நம்பரையும் பின் நம்பரையும் எடுத்து உபயோகிப்பது இதில் வரும். 66-டி பிரிவு, கம்ப்யூட்டர் அல்லது செல்போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைத் தண்டிக்கிறது. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இவை 2009 அக்டோபர் 27 முதல் அமலில் உள்ளன.

இரண்டாவது, பாரதிய நியாய சன்ஹிதா. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்தது. நாம் பேச்சில் "ஃபோர் ட்வென்ட்டி" என்று சொல்லிப் பழகிவிட்ட 420 இப்போது 318-வது பிரிவின் 4-வது உட்பிரிவு. ஏமாற்றிப் பொருளைப் பெற்றுக்கொண்டால் 7 ஆண்டு வரை சிறை. ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கு 319. இதற்கு 5 ஆண்டு வரை. பழைய சட்டத்தில் இது 3 ஆண்டாக இருந்தது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றம் என்றால் பழைய எண்களிலேயே வழக்கு நடக்கும். ஆகவே எஃப்.ஐ.ஆர். நகலில் 420 என்றிருந்தால் தவறு என்று எண்ண வேண்டாம். சம்பவத் தேதியைப் பார்க்கவும்.

இவற்றில் ஒரு வேறுபாடு வியாபாரிக்கு முக்கியம். 66-சி, 66-டி இரண்டும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். 318(4) அப்படியல்ல. காவல்துறை வழக்கமாக இரண்டு சட்டத்தையும் சேர்த்தே போடுகிறது. எனவே "மூன்று வருஷக் கேஸ்தானே, ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்துவிடும்" என்று யாராவது தைரியம் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

தமிழ்நாட்டுக்கென்று தனியாக ஒன்றும் இல்லையா என்றால், ஒன்று உண்டு. நாம் குண்டர் சட்டம் என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டத்தில், 2014-இல் கணினிவழிச் சட்டக் குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். மாநகரில் போலீஸ் கமிஷனர், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர் உத்தரவிட்டால் 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். இது தண்டனை அல்ல, தடுப்பு நடவடிக்கை; ஆகவே சாதாரண ஜாமீன் மனு இங்கே உதவாது. அறிவுரைக் குழுமத்தில் முறையிட வேண்டும், இல்லையேல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். தெரியாமல் ஒரு திருட்டுக் கார்டை வாங்கித் தேய்த்துவிட்ட கடைக்காரர் மேல் பாய்வதற்கு வந்த சட்டம் அல்ல இது. ஆனால் மோசடிக் கும்பலுக்குத் தன் இயந்திரத்தையும் வங்கிக் கணக்கையும் தொடர்ந்து கொடுத்து வந்தவர், "நான் வெறும் கமிஷன் வாங்கினேன்" என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

கடைக்காரர் எடுத்த ஒரு போட்டோ

இந்தியாவில் கணினிவழிக் குற்றத்துக்குக் கிடைத்த முதல் தண்டனைகளில் ஒன்றாகச் சொல்லப்படும் வழக்கே ஒரு கிரெடிட் கார்டு வழக்குதான். அதில் புகார்தாரர் கார்டுக்குச் சொந்தக்காரரும் அல்ல, வங்கியும் அல்ல, சரக்கு விற்றவர்.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் பணம் கட்டினால், உள்ளூரில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் பொருளைக் கொண்டு சேர்க்கும் விற்பனையை சோனி இந்தியா நிறுவனம் நடத்தி வந்தது. 2002 மே மாதம் ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் பெயரில் ஒரு கலர் டி.வி.க்கும் ஒரு ஹெட்போனுக்கும் ஆர்டர் வந்தது. கார்டு நம்பரைச் சரிபார்த்து கார்டு நிறுவனமும் பணத்தை அனுமதித்தது. நொய்டாவில் ஒரு இளைஞர் வீட்டில் பொருள் ஒப்படைக்கப்பட்டது. ஒன்றரை மாதம் கழித்து, கார்டுக்குச் சொந்தக்காரர் தாம் எதுவும் வாங்கவில்லை என்று மறுத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

நிறுவனம் சி.பி.ஐ.யிடம் போயிற்று. பொருளை வாங்கிக்கொண்டவர் ஒரு கால் சென்டரில் வேலை பார்த்தவர். அங்கே பேச்சுவாக்கில் கிடைத்த அமெரிக்கரின் கார்டு நம்பரைப் பயன்படுத்தியிருந்தார். டி.வி.யும் ஹெட்போனும் கைப்பற்றப்பட்டன. குற்றத்தை ஒப்புக்கொண்டார். பழைய சட்டத்தின் 418, 419, 420 பிரிவுகளில் தண்டனை விதிக்கப்பட்டது. வயது 24, முதல் குற்றம் என்பதால் ஓராண்டு நன்னடத்தைக் காலத்தில் விடுவிக்கப்பட்டார்.

தண்டனை சிறியதாக இருக்கலாம். ஆனால் நமக்கு இதில் கவனிக்க வேண்டியது வேறு. பொருளை ஒப்படைக்கும்போது அந்த நிறுவனத்தின் ஆட்கள், அவர் பெற்றுக்கொள்வதை ஒரு டிஜிட்டல் போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் போட்டோ இல்லையென்றால், "எனக்கு எதுவும் வரவில்லை" என்ற ஒரே வார்த்தையில் வழக்கு முடிந்திருக்கும். அந்த ஆர்டரின் ஆதாயத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு போட்டோவின் செலவு என்ன ஆகிவிடும்?

கே.கே. நகரில், எடமலைப்பட்டிப்புதூரில், ஸ்ரீரங்கத்தில் இன்று வீட்டுக்கு மாதச் சாமான் அனுப்பாத பெரிய மளிகைக் கடை கிடையாது. போனில் ஆர்டர், போனிலேயே கார்டு நம்பர், பையன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். இந்த வகை வியாபாரத்தில்தான் பணம் திரும்பிப் போகும் அபாயம் அதிகம். நேரில் வந்து, சிப் உள்ள கார்டைச் செருகி, பின் நம்பரைத் தானே அழுத்தியவர் பிற்பாடு மறுத்தால் அந்த நஷ்டத்தைக் கடைக்காரர் தலையில் கட்டுவது எளிதல்ல. கார்டு எதிரில் இல்லாமல் நம்பரை மட்டும் வாங்கிப் போட்ட விற்பனையில், சரக்கு உரியவர் கைக்குப் போனதை நாம்தான் காட்டியாக வேண்டும். வழக்கமான வாடிக்கையாளராகவே இருந்தாலும், கையெழுத்து வாங்கிய டெலிவரி சீட்டு ஒன்று பில்லோடு சேர்ந்து இருக்கட்டும்.

இன்னொன்று. "அண்ணாச்சி, கார்டு நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மாதாமாதம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று நம்மை நம்பிச் சொல்லும் வாடிக்கையாளர் இருக்கிறார். அந்த நம்பிக்கை பெருமைதான்; நோட்டில் எழுதுவது ஆபத்து. கார்டு கொடுத்த வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர, கார்டு வியாபாரத்தில் சம்பந்தப்பட்ட வேறு யாரும் முழு கார்டு நம்பரைச் சேமித்து வைக்கக் கூடாது என்பது 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. நாளை அந்த நோட்டைப் பார்த்து ஒரு வேலையாள் கைவரிசை காட்டினால், முதல் கேள்வி முதலாளியிடம்தான் வரும்.

தேய்த்துவிட்டு ரொக்கம் கொடுப்பது

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது நம்மிடையே நடப்பது, நமக்குத் தெரிந்தே நடப்பது.

ஒருவர் வருகிறார். சரக்கு எதுவும் வேண்டாம். கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் தேய்த்துவிட்டு ரொக்கமாகக் கொடுங்கள், 3 சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அவர் ஏன் ஏ.டி.எம்.முக்குப் போகவில்லை? கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணமும் உண்டு, அன்றிலிருந்தே வட்டியும் ஓடும். சரக்கு வாங்கியதாகக் காட்டினால் அடுத்த பில் தவணை வரை வட்டியில்லை. அந்த வித்தியாசத்தில்தான் நம்மிடம் வருகிறார்.

கணக்கைப் பார்ப்போம். 3 சதவீதம் என்றால் 1,500 ரூபாய். இயந்திரம் கொடுத்த வங்கி சுமார் 2 சதவீதம் பிடித்தால் அதில் 1,000 போய்விடும். மிச்சம் 500. இந்த 500 ரூபாய்க்காக நாம் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது 48,500 ரூபாய் ரொக்கம். கார்டு திருட்டுக் கார்டாக இருந்தால் மொத்தமும் நம் தலையில். நஷ்டம் அதோடு நிற்பதுமில்லை. சரக்கு கொடுத்திருந்தால் "நான் ஏமாந்தேன்" என்று சொல்லலாம். சரக்கே கொடுக்காமல் சரக்கு விற்றதாகப் பதிவு செய்த பிறகு, ஏமாந்தவர் என்ற இடத்தில் நிற்க நமக்கு இடமில்லை.

டெபிட் கார்டில் சிறு தொகை ரொக்கத்தைக் கடை இயந்திரம் மூலம் கொடுக்க 2009 முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. அந்த வசதி கிரெடிட் கார்டுக்கு இல்லை. கார்டுக்கு உரியவரே வந்து தேய்த்து, பிறகு ஒழுங்காகப் பணமும் கட்டிவிட்டால், இதற்கென்று தண்டனைப் பிரிவு என்று ஒன்றைச் சட்டப் புத்தகத்தில் காட்டுவது கடினம் என்பதும் உண்மைதான். அந்த நிலையில் அது வங்கியோடு நாம் போட்ட ஒப்பந்தத்தை மீறியது ஆகும். இயந்திரம் பறிபோகும், பணம் நிறுத்தப்படும், வேறு வங்கியும் இயந்திரம் தரத் தயங்கும். ஆனால் கார்டு திருடப்பட்டதாகவோ, போலி ஆவணத்தில் வாங்கியதாகவோ, கட்டும் எண்ணமே இல்லாமல் தேய்த்ததாகவோ தெரியவந்தால் கதை மாறுகிறது. 318(4)-உடன் கூட்டுச்சதிக்கான 61-வது பிரிவும் சேரும். ஒரே ஆள் ஒரே வாரத்தில் நான்கு வெவ்வேறு பெயர் கார்டுகளைக் கொண்டுவந்து தேய்த்திருக்கிறார் என்றால், "எனக்குத் தெரியாது" என்று சொல்வதை எந்த கோர்ட் ஏற்கும்?

அடுத்து வரி. சரக்கு கொடுக்காமல் பில் போட்டால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 122-வது பிரிவில் 10,000 ரூபாய் அல்லது சம்பந்தப்பட்ட வரித் தொகை, எது அதிகமோ அது அபராதம். பில்லே போடாமல் விட்டால், வங்கியில் வந்த வரவுக்கு விற்பனைக் கணக்கு இல்லை. மின்னணு வரவு எல்லாம் துறையின் கண்ணில் படும் என்பதற்குக் கர்நாடகத்தில் நடந்ததே போதும். 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவை வைத்து அங்கே சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது; பலர் கியூ.ஆர். அட்டையையே கழற்றி வைத்துவிட்டு ரொக்கம் மட்டும் கேட்டார்கள். தேய்த்துக் கொடுத்த 50,000-த்தில் நமக்கு நின்றது 500 என்றாலும், காகிதத்தில் அது 50,000 ரூபாய் விற்பனை.

இதே போன்றதுதான் பாதி விலைச் சரக்கும். நெய் டின், குழந்தைகள் பால்மாவு, ரீசார்ஜ், பரிசுக் கூப்பன் என்று சந்தை விலைக்கு மிகக் கீழே, பில் இல்லாமல் கொண்டுவந்து தள்ளுபவர்கள் உண்டு. திருட்டுக் கார்டில் வாங்கிய பொருளை ரொக்கமாக்கும் வழி இது. ஏமாற்றிப் பெற்ற பொருளும் திருட்டுப் பொருளே என்று புதிய சட்டத்தின் 317-வது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தின் இலக்கணத்தில் இந்த வார்த்தை இல்லை. தெரிந்து வாங்கினால் மட்டுமல்ல, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கினாலும் 3 ஆண்டு வரை சிறை. வழக்கமாகவே செய்பவருக்கு ஆயுள் வரை போகும். மொத்த வியாபாரிகள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவும்.

இயந்திரமும் வேலையாளும்

2006 மே மாதம் இங்கிலாந்தில் ஷெல் நிறுவனம் சுமார் 600 பெட்ரோல் பங்குகளில் பின் நம்பர் அழுத்திப் பணம் கட்டும் முறையையே தற்காலிகமாக நிறுத்தியது. பங்குகளில் இருந்த இயந்திரங்களில் கைவைத்து, வாடிக்கையாளர் கணக்குகளிலிருந்து 10 லட்சம் பவுனுக்கு மேல் எடுத்திருந்தார்கள். பாதுகாப்பானது என்று பெயர் வாங்கிய இயந்திரமே வழியாகிவிட்டது.

நம் கடைகளுக்கும் "வங்கியிலிருந்து வருகிறேன், மெஷின் அப்டேட் செய்ய வேண்டும்" என்று அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். நாம் கூப்பிடாமல் வந்தவரிடம் இயந்திரத்தைக் கொடுக்கவே கூடாது. வங்கியின் எண்ணுக்கு நாமே போன் போட்டுக் கேட்க வேண்டும், அவர் கொடுக்கும் எண்ணுக்கு அல்ல. இயந்திரத்தின் அடியில் உள்ள தொடர் எண்ணை ஒருமுறை குறித்துவைத்து, வாரம் ஒருமுறை ஒத்துப் பார்த்தால், மாற்றி வைத்துவிட்டுப் போனது தெரிந்துவிடும்.

வேலையாள் செய்ததற்கு முதலாளி பொறுப்பா? பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, தெரியாமல் நடந்ததற்குக் குற்றவாளி ஆக முடியாது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 85-வது பிரிவு ஒரு படி மேலே போகிறது. நிறுவனம் குற்றம் செய்திருந்தால், அதன் நடத்தைக்குப் பொறுப்பானவரும் குற்றவாளியே. தமக்குத் தெரியாமல் நடந்தது அல்லது தடுக்க உரிய கவனம் எடுத்தோம் என்று அவர்தான் காட்ட வேண்டும். நிறுவனம் என்ற சொல்லில் கூட்டு வணிகமும் அடங்கும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அண்ணன் தம்பி பங்குதாரராக நடத்தும் கடைகள் நம்மில் எத்தனை! கார்டை வாங்கி உள்ளே கொண்டுபோய்த் தேய்க்காமல் வாடிக்கையாளர் கண் முன்னே தேய்ப்பது, கல்லாவைக் கேமரா பார்ப்பது, யார் எந்த நேரம் இயந்திரத்தில் இருந்தார் என்ற சிறு பதிவேடு ஆகியவைதான் அந்த "உரிய கவனம்".

விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் கே.கே. நகர், சுப்பிரமணியபுரம் கடைகளுக்கு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாட்டுக் கார்டுகள் நிறைய வருகின்றன. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஸ்ரீரங்கத்திலும் அப்படித்தான். சில வெளிநாட்டுக் கார்டுகள் பின் கேட்காது, கையெழுத்தோடு நிற்கும். அப்போது சீட்டில் வாங்கும் கையெழுத்து சடங்கல்ல. கார்டின் பின்புறக் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பது அவசியம். நம் நாட்டுக் கார்டில் 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் தொட்டாலே போதும். ஆகவே 14,000 ரூபாய் பில்லை "மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்" என்று ஒருவர் கேட்டால், பின் தெரியாத கார்டு அவர் கையில் இருக்கிறது என்றே முதலில் எண்ண வேண்டும்.

கியூ.ஆர். அட்டை விஷயம் பலருக்கும் தெரிந்ததே. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் பெட்ரோல் பங்க், மருந்துக் கடை உள்பட சில இடங்களில் இரவோடு இரவாக வேறு கியூ.ஆர். தாளை மேலே ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் முதல் வியாபாரத்துக்கு நாமே ஒரு ரூபாய் போட்டுப் பார்த்து, பெயர் சரியாக வருகிறதா என்று பார்ப்பதில் ஒரு நிமிஷம்கூட ஆகாது. வாடிக்கையாளர் காட்டும் செல்போன் திரையை நம்பாமல், நம் பெட்டி சத்தம் போட்டதா என்று பார்ப்பதும் அப்படியே.

கணக்கு முடங்கினால்

இப்போது நேர்மையான வியாபாரியையும் வந்து அடிக்கும் விஷயத்துக்கு வருகிறோம். எங்கோ ஒரு மாநிலத்தில் ஒருவர் ஏமாற்றப்படுகிறார். அந்தப் பணம் நாலு கை மாறி, கடைசியில் ஒருவர் நம் கடையில் இரண்டு மூட்டை அரிசி வாங்க அதிலிருந்து பணம் போடுகிறார். புகாரைப் பின்தொடர்ந்து வந்த அந்த மாநிலப் போலீஸ் நம் வங்கிக்கு எழுதுகிறது. நம் நடப்புக் கணக்கு முழுவதும் முடங்குகிறது. மண்டிக்குக் கொடுத்த செக் திரும்புகிறது, சம்பளம் நிற்கிறது.

போலீசுக்கு இந்த அதிகாரம் இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவு அது. ஆனால் கைப்பற்றியதை மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதோடு, சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவோ அவ்வளவுதானே நிற்க வேண்டும்? சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் இதைத்தான் கேட்டது. அந்த வழக்கில் கணக்கில் இருந்தது சுமார் 9.69 லட்சம், புகாருக்கு உட்பட்டது சுமார் 2.48 லட்சம். காரணமும் சொல்லாமல் தொகையும் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது வணிகம் செய்யும் உரிமையைப் பறிப்பதாகும் என்று கூறி, 2.5 லட்சம் இருப்பை மட்டும் நிறுத்தி வைத்து மீதியைப் புழங்க அனுமதித்தது. கேரள உயர் நீதிமன்றமும் 2023-இல், போலீஸ் குறிப்பிட்ட தொகையோடு முடக்கம் நிற்க வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

ஆகவே கணக்கு முடங்கியதும் கிளை மேலாளரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. அவர் கையில் அது இல்லை. எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தேதி விற்பனை பில், ஸ்டாக் பதிவு, ஜி.எஸ்.டி. கணக்கு ஆகியவற்றின் நகலோடு அந்தக் காவல் நிலையத்துக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுத வேண்டும். அசையவில்லை என்றால் 503-வது பிரிவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அதற்கு மேல், திருச்சி மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. இந்த மனுக்கள் எல்லாவற்றிலும் உயிர் என்பது அந்த ஒரு விற்பனை பில்தான். ரொக்கத்துக்குத் தேய்த்துக் கொடுத்தவரிடமும், மாதம் இவ்வளவு என்று நடப்புக் கணக்கை வாடகைக்கு விட்டவரிடமும் அது இருக்காது.

புகாரும் சாட்சியமும்

நாமே ஏமாற்றப்பட்டால் முதலில் 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. மத்திய அரசின் கணினிவழிக் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். கே.கே. நகர் காவல் நிலையத்திலோ மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ நேரிலும் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லையில் வராது" என்ற பதில் இப்போது செல்லாது. 173-வது பிரிவின்படி சம்பவம் எங்கு நடந்திருந்தாலும் புகாரைப் பெற வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும்.

கார்டுதாரர் ஒரு கொள்முதலை மறுப்பதற்கு வழக்கமாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. பல கடைகளின் கேமராப் பதிவு 15 நாளிலோ 30 நாளிலோ அழிந்து அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடுகிறது. இயந்திரச் சீட்டின் எழுத்தும் மூன்று மாதத்தில் வெளுத்துவிடும். பெரிய தொகை, புது முகம், போன் ஆர்டர் என்றால் அன்றே சீட்டைப் போட்டோ எடுத்து, கேமராப் பதிவையும் தனியே எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பதிவை கோர்ட்டில் கொடுக்கும்போது, சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது இல்லாத கேமராப் பதிவைப் பார்க்கவே மறுத்துவிடலாம். வக்கீலிடம் முதல் நாளே இதைக் கேட்டுக்கொள்ளவும்.

நம் சொந்தக் கார்டிலோ கணக்கிலோ மோசடி நடந்தால், 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் வங்கி வகுத்த முறை இது: தவறு நம்முடையதும் அல்ல, வங்கியுடையதும் அல்ல, மூன்றாமவருடையது என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நமக்கு நஷ்டம் இல்லை. நான்கு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை நம் பங்கு. ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் தலையில். வரம்புத் தொகையை அவரவர் வங்கியில் கேட்டுக்கொள்ளலாம். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இன்னொரு கதவும் இருக்கிறது. நம்மவர்கள் அதைத் தட்டுவதே இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-வது பிரிவுப்படி, மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே 5 கோடி ரூபாய் வரையிலான நஷ்டஈட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரி. 2010 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் செயலாளர் முன் வந்த ஒரு மனுவில், தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த வெளிநாடு வாழ் வாடிக்கையாளர் ஒருவர், வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலால் 2007-இல் 6 லட்சத்துக்கும் மேல் இழந்திருந்தார். கடவுச்சொல்லைக் கொடுத்தது அவர் தவறு என்று வங்கி வாதாடியது. செயலாளர் அதை ஏற்காமல், 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கு உத்தரவிட்டார். குற்ற வழக்கில் யாரோ ஒருவர் சிறைக்குப் போனாலும் போகாவிட்டாலும், இந்த மனு தனியே நடக்கும்.